நைலான் ஸ்பரா, ஸ்டீல் ஸ்பரா?

1/5 அளவு பெட்ரோல் ஆர்சி காரில் (ரிமோட்டில் ஓடும் மாடல் கார்) ஸ்பர் கியரை, அதாவது எஞ்சின் சுழற்சியை வாங்கிக் கடத்தும் பெரிய பல்சக்கரத்தை, மாற்றும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டீலுக்குத் தாவுகிறார்கள். நைலானை அவ்வளவு மட்டமாக நினைக்க வேண்டாம். எடை குறைவு, சத்தமும் குறைவு. சக்கரம் கல்லில் மாட்டிக்கொண்டால் முதலில் உதிர்வது நைலான் ஸ்பரின் பல்தான்; ஃபியூஸ் மாதிரி. ஸ்டீல் எளிதில் தேயாது, ஆனால் அந்த அடியை அப்படியே டிஃபரென்ஷியலுக்கு (டிஃப்; சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) கடத்திவிடும். என் காரில் ஸ்பர் பளபளவென்று இருந்தது, உள்ளே டிஃப் கியர் பொடிப்பொடி!

ஸ்டீல்தான் வேண்டுமென்றால், ஸ்பருக்கும் அதைச் சுழற்றும் சின்னக் கியரான பினியனுக்கும் உள்ள இடைவெளியில் கவனம். பல்லுக்கு நடுவே துண்டுத் தாள் வைத்து பினியனை இறுக்குங்கள், பிறகு சுழற்றி எடுங்கள். தாளில் மடிப்பு விழலாம், கிழியக்கூடாது.

26 சிசி எஞ்சினுக்கு எனக்கு நைலானே போதும். 30 சிசிக்கு மேல் போனால் ஸ்டீல், கூடவே அந்த அடியைத் தாங்கும் டிஃபும்.