ஆறு வருடம், மூன்று ஃபீடர் ராடு

இங்கிலாந்தின் லெஸ்டருக்குக் குடிவந்த இரண்டாவது வருடம் மறுபடி தூண்டிலைக் கையில் எடுத்தேன். ஊரில் மூங்கில் கழியில் தங்கூசி கட்டி, மண்புழு கோத்து, கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கடையில் போய், "குளம், கால்வாய், ஆறு எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு" என்று கேட்டேன். 12 அடியில் ஒரு மீடியம் ஃபீடர் ராடைக் கொடுத்தார்கள். நான் கேட்ட கேள்வியே தப்பு என்று புரிய இரண்டு சீசன் ஆனது.

ஃபீடர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் தக்கை கிடையாது. அடியில் எடை வைத்த சின்னக் கம்பிக்கூண்டில் ஈரமாகப் பிசைந்த தீவனத்தை அடைத்து வீசுவோம். கூண்டு தரையில் போய் உட்கார்ந்ததும் தீவனம் கரைந்து பரவும். வாசம் பிடித்து வரும் மீன், பக்கத்தில் கிடக்கும் முள்ளை எடுக்கும். கடி தெரிவது ராடின் நுனியில். இந்த நுனியைக் கழற்றி மாற்றலாம். ராடோடு இரண்டு மூன்று டிப் தருவார்கள், ஒவ்வொன்றிலும் அரை அவுன்ஸ், ஒரு அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ் என்று எழுதியிருக்கும். எண் ஏற ஏற விறைப்பும் ஏறும்.

முதல் பாடம் கட்டணக் குளத்தில். இங்கே ஊருக்கு ஊர் இப்படிக் குளங்கள் உண்டு. காசு கட்டினால் நாள் முழுக்க உட்காரலாம், பிடித்த கெண்டையைத் திருப்பி விட்டுவிட வேண்டும். பெரும்பாலான குளங்களில் கொக்கிப்பல் இல்லாத முள்தான் போட வேண்டும் என்பது அந்தக் குளத்தின் விதி. கையில் இருந்ததோ 12 அடி, விறைப்பான ராடு. மீன் தூரத்தில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கரைக்குப் பக்கத்தில் வந்து, வலையைப் பார்த்ததும் ஒரு திமிறு திமிறும் பாருங்கள், அப்போது ராடு வளைந்து கொடுக்காது. முள் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரே சனிக்கிழமையில் ஐந்து மீன் இப்படிப் போனது. போதாததற்குத் தலைக்கு மேலே மரக்கிளை வேறு. அந்த வாரமே 10 அடி ராடு ஒன்று வாங்கினேன். அடிப்பிடி வரைக்கும் வளையும் ரகம். கெண்டை இழுக்கும்போது அரைவட்டமாக வளைந்து நிற்பதைப் பார்த்தால் ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும், ஆனால் முள் நிற்கிறது. ஆறு வருடத்தில் அதிகம் வெளியே வந்தது இந்த ராடுதான். கைப்பிடியில் கார்க் நாலு இடத்தில் பெயர்ந்திருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் வீச ஆகாது. எங்கள் குளத்தில் நடுத்திட்டே 25 மீட்டர்தான், அதனால் குறையாகத் தெரியவில்லை.

கால்வாய் வேறு கதை. எங்கள் ஊர் வழியாகப் போகும் கிராண்ட் யூனியன் கால்வாய் சில இடங்களில் சோர் ஆறாகவே ஓடும், சில இடங்களில் வெட்டிய வாய்க்கால். வாய்க்கால் பகுதியில் ஜனவரியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு அவுன்ஸ் கார்பன் டிப். இரண்டு மணி நேரம் நுனி அசையவே இல்லை. சரி, மீன் இல்லை என்று சுருட்டி எடுத்துப் பார்த்தால், முள்ளில் இருந்த ஈப்புழு இரண்டும் சக்கையாக, வெறும் தோலாகத் தொங்குகின்றன. யாரோ நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! டிப்பை மாற்றி, அரை அவுன்ஸ் கண்ணாடியிழை டிப்பைப் போட்டேன். அடுத்த பத்து நிமிடத்தில் நுனி ஒரு நெல்மணி அளவுக்கு உள்ளே நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. உள்ளங்கை நீளத்தில் ஒரு ரோச் மீன். ராடு மாறவில்லை, வீசிய இடம் மாறவில்லை, நுனி மட்டும்தான் மாறியது. குளிர்காலத்துக்கும் நிலைத்த நீருக்கும் மெல்லிய கண்ணாடியிழை டிப் இல்லாத ராடை இனி நான் வாங்கமாட்டேன்.

அப்புறம் டிரென்ட் ஆறு. ஏ46 சாலையைப் பிடித்தால் நேரே ஆற்றங்கரை ஊரான நியூவார்க். இங்கிலாந்தில் ஆறுகளுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 16 அன்று திறக்கும். திறந்த வாரமே கிளம்பிப் போனேன். தேடிப் போனது பார்பெல். மீசை வைத்த மீன், நம் காவிரி மஹ்சீரின் குடும்பம்தான், இழுப்பும் அதற்கேற்றபடி இருக்கும். 30 கிராம் கூண்டை வீசினால் தரையில் நிற்காமல் உருண்டு கரைக்கே வந்துவிட்டது. 60 கிராம் கூண்டை மாட்டினேன். கையில் இருந்த பழைய 12 அடி ராடில் "60 கிராம் வரை" என்று எழுதியிருந்தது, சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். நாலாவது வீச்சில் மூங்கில் முறிகிற சத்தம். நடு இணைப்புக்குச் சற்று மேலே இரண்டாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, உளுந்து நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். (வீட்டில் வாங்கிய திட்டை இங்கே எழுதவில்லை.) காலிக் கூண்டு 60. ஈரத் தீவனத்தை அமுக்கி அடைத்ததும் 97. அதைத்தான் 60 கிராம் ராடில் மாட்டி, முழு பலத்தோடு வீசியிருக்கிறேன். குற்றம் ராடின் மேல் இல்லை. வாங்கும்போது தீவனத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். காலிக் கூண்டின் எடையை ஒன்றரை மடங்குக்கு மேலாகவே வைத்துக்கொண்டு, அதைத் தாங்கும் ராடாகப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்து வாங்கியது 13 அடி, 150 கிராம் வரை தாங்கும் ஹெவி ஃபீடர். பழையது, கைமாறி வந்தது. இவ்வளவு நீளம் எதற்கு என்று ஆற்றங்கரையில் போய் நின்றால்தான் தெரியும். நீருக்குள் கிடக்கும் லைனின் ஒவ்வொரு மீட்டரையும் ஓட்டம் தள்ளும், லைன் கூண்டை இழுக்கும். ராடைக் கொடிக்கம்பம் மாதிரி செங்குத்தாக நிறுத்தினால் பாதி லைன் நீருக்கு மேலே வந்துவிடும். அதே 90 கிராம் கூண்டு, ராடு படுத்திருந்தால் உருளும், நிமிர்ந்திருந்தால் நிற்கும். வீசிய பிறகு கொஞ்சம் லைனைத் தளர்த்தி, ஓட்டத்தோடு ஒரு வளைவு விழ விட்டால் இன்னும் நன்றாக நிற்கும். பார்பெல் கடித்தால் இங்கே டிப்பைப் பார்க்கவே தேவையில்லை, ராடே தாங்கியிலிருந்து கிளம்பிவிடும். மூன்று, நான்கு அவுன்ஸ் டிப் போதும்.

இந்த ராடில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஆறு மணி நேரம் வீசினால் மறுநாள் தோள் தூக்க முடியாது. மழையில் நனைந்தால் இணைப்பு இறுகிக்கொள்ளும். ஒருமுறை பிரிக்க முடியாமல் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன். இப்போது இணைப்பில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு தேய்த்துவிடுகிறேன், அதற்கப்புறம் மாட்டியதில்லை. வாங்கும்போது ஒரே ஒரு டிப்தான் கூட வந்தது. இன்னொன்று தனியாக வாங்கப் போனால், என்னுடையது அடிப்பக்கம் 3 மில்லிமீட்டர், கடையில் இருந்தது 2.2. ஒரே மாதிரி தோன்றினாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பழைய ராடு வாங்குகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்.

ஒடிந்த 12 அடிக்குப் பதில் இன்னொன்று வாங்கவில்லை. உண்மையில் அது சோர் ஆற்றுக்கு மட்டும் பொருத்தமாகத்தான் இருந்தது. மிதமான ஓட்டம், 30, 40 கிராம் சுமை. இப்போது அங்கே 10 அடி ராடில் இரண்டு அவுன்ஸ் டிப்பைப் போட்டு ஒப்பேற்றுகிறேன். வெள்ளம் ஏறினால் போவதில்லை. புதிதாக வாங்கப்போகும் நண்பர்கள் கேட்டால், வருடத்தில் எத்தனை நாள் எந்தத் தண்ணீரில் உட்காருவீர்கள் என்று எண்ணச் சொல்கிறேன். என் கணக்கில் குளமும் கால்வாயும் முப்பது நாள், டிரென்ட் ஐந்து நாள். ஆனாலும் ராடு பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் அந்த ஐந்து நாளைப் பற்றித்தான் பேசுகிறோம், நானும் சேர்த்து.

டிப்புகளை மட்டும் ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை மீன் இழுத்து ஒரு டிப்கூடப் போனதில்லை. போன மூன்றும் கார் கதவில் மாட்டி ஒடிந்தவை.