சேலத்தில் நாயோடு தெரபி: அண்ணன் மகனுடன் போய்ப் பார்த்தது

டொராண்டோவிலிருந்து இந்த முறை சேலம் போனபோது, அண்ணன் மகனைத் தெரபிக்கு அழைத்துப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. அவனுக்கு மூளை முடக்குவாதம். வலது கை இறுகி, விரல்கள் மடங்கியே கிடக்கும். பயிற்சி என்றாலே வீட்டில் அழுகைதான். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன மையத்தில் நாயை வைத்து, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி தருவதாகக் கேள்விப்பட்டும் அண்ணி தயங்கினார். தெருநாய்க்குப் பயந்து கையில் குச்சியோடு நடக்கிற ஊர், தயங்காமல் என்ன செய்வார்?

அங்கே இருந்த நாய் லாப்ரடார். வெயில் ஏறுவதற்குள் வரச் சொல்லிவிடுகிறார்கள். பையனின் கையில் பட்டை வைத்த பிரஷ்ஷை மாட்டி, கழுத்திலிருந்து வால்வரை சீவச் சொன்னார் தெரபிஸ்ட். தோளைத் தூக்கி முழங்கையை நீட்டாமல் அது முடியாது. வீட்டில் கெஞ்சிச் செய்யவைக்கும் அதே பயிற்சி. அப்புறம் பிஸ்கட். உள்ளங்கையை விரித்தால்தான் நாய்க்குக் கிடைக்கும். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிய வெகுநேரம் ஆனது. நாய் மூக்கை நீட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. "விரிடா கண்ணு" என்று யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

சரி, இதனால் கை சரியாகிவிடுமா? ஆகாது. ஃபிசியோவும், கையை மடங்காமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ளின்ட்டும் தொடரத்தான் வேண்டும். பிள்ளையை ஆசையாகச் செய்யவைப்பது மட்டும்தான் நாயின் வேலை. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன், ஒதுங்கியிருந்த ஒரு சிறுவன் தன் நாய் ஜிங்கிள்ஸோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்து, 1962-லேயே நாயைத் துணைத் தெரபிஸ்ட் என்று எழுதினார். துணைதான். நாங்கள் விசாரித்த இன்னோர் இடத்தில் நாய் மூலையில் கட்டிக் கிடந்தது. தெரபிஸ்ட் எங்கே என்றால், "நாயே போதுங்க சார்" என்றார்கள். அப்படியே திரும்பிவிட்டோம்.

ஃபேர்லேண்ட்ஸ் மையத்தில் பயிற்சியின் நடுவில் நாய் கொட்டாவி விட்டு உதட்டை நக்கியதும், அதைப் பிடித்திருந்தவர் பயிற்சியை நிறுத்திவிட்டார். "முழுக் காசு வாங்கிட்டு பாதியில நிறுத்துறாங்களே" என்று அண்ணி முணுமுணுத்தார். அது தூக்கமில்லை, நாய்க்குப் படபடப்பு வந்ததன் அடையாளம் என்று நாயைப் பிடித்திருந்தவர் விளக்கினார். எனக்கு அந்த இடத்தின்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். கேட்காமலே தடுப்பூசி அட்டையையும் காட்டினார், ரேபீஸ் ஊசி உட்பட.

போக நினைப்பவர்கள் குழந்தைக்கு முடி அலர்ஜி, வீசிங் உண்டா என்று முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரசின் வட்டார வள மையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃபிசியோவை இதற்காக நிறுத்திவிட வேண்டாம். நாங்கள் போன மையத்தில் ஒரே குறை, வாசலில் சாய்தளம் இல்லை. பையனைத் தூக்கித்தான் ஏற்றினோம். கிளம்பும்போது அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.