கடன் வாங்கும் புழு, சொந்தமாகச் செய்யும் புழு

பெங்களூரு அல்சூர் பக்கம் நம்மவர்கள் நடத்தும் ரத்ததான முகாமில் இப்படியும் ஒரு கேள்வி கிளம்பும்: புழுவுக்கு ரத்தவகை உண்டா? சிரிக்க வேண்டாம். ஏ, பி வகைகளை முடிவு செய்வது செல்லின் மேல் இருக்கும் சர்க்கரைகள்தான். அந்த மாதிரிச் சர்க்கரைகள் ஒட்டுண்ணிப் புழுக்களிடமும் உண்டு. வந்த வழிதான் வேறு.

ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் சிஸ்டோசோமா, ரத்தக்குழாய்க்குள்ளேயே குடியிருப்பது. அதன் இளம்புழுக்களை மனித ரத்தத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஏ, பி, எச் ஆன்டிஜென்களை (ரத்தவகையைக் காட்டும் அடையாளங்களை) மேல்தோலில் ஏற்றிக்கொண்டன என்று 1976-இல் அறிக்கை வந்தது. ஆர்எச், டஃபி போன்ற, புரதத்தால் ஆன ரத்தவகை அடையாளங்களை மட்டும் எடுக்கவில்லை. கொழுப்போடு சேர்ந்த சர்க்கரைதான் புழுவின் தோலில் எளிதாகப் பதிகிறது. இந்த வேஷம் நம் எதிர்ப்புச் சக்தியை ஏமாற்ற உதவும் என்பது பலரின் கருத்து. (லூயிஸ் எக்ஸ் என்ற இன்னொரு சர்க்கரையை அது தானே செய்கிறது. ஆக, முழுக்க இரவல் கோஷ்டி என்றும் சொல்ல முடியாது.)

எக்கினோகாக்கஸ் கதை வேறு. நாயின் குடலில் வாழும் இந்த நாடாப்புழு, ஆட்டிலும் மனிதரிலும் ஈரலில் நீர்க்கட்டியாக வளரும். அந்த நீரில் பி1 (P1; மேலே சொன்ன B அல்ல, வேறொரு ரத்தவகைச் சர்க்கரை) ஆன்டிஜென் இருப்பது 1957-இல் தெரிந்தது. அது புழுவின் சொந்தச் சரக்கு. அதனால் ஒளிவதற்குப் பதில் மாட்டிக்கொள்ளவும் செய்கிறது: பி1 இல்லாதவருக்குக் கட்டி வந்தால், ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) பலமாக எழலாம்.

தந்திரத்தில் சிஸ்டோசோமாவுக்கே என் ஓட்டு. ஆனால் ரத்த வங்கிக்குப் பயன்பட்டது மற்றதுதான். பி1 ஆன்டிபாடி பரிசோதனையைக் குழப்பும்போது, அதை முறியடிக்க அந்தக் கட்டிநீரைச் சேர்ப்பார்கள். புறா முட்டையின் வெள்ளைக்கருவும் அதே வேலையைச் செய்யும்.