அட்டிக் காற்றோட்டம்: மின்விசிறியா, சுழலியா, முகட்டுத் திறப்பா?

கனடாவின் ஸ்காபரோவில் 1970களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் அட்டிக்கினுள், அதாவது மேற்தட்டுக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தினுள், ஒரு சனவரி மாதம் தலையை நீட்டிப் பார்த்தபோது, கூரைப் பலகையைத் துளைத்து வந்திருந்த ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் உறைபனி பூத்திருந்தது. குளிர் தணிந்ததும் அது உருகிச் சொட்டி, குளிப்பறை மேற்தட்டில் பழுப்பு வட்டமாகத் தெரிந்தது. பார்க்க வந்த கூரை வேலைக்காரர், ஷிங்கிளில் (கூரைமேல் வேய்ந்த தகடுகளில்) குறை இல்லை, அட்டிக்கில் தேங்கும் ஈரக்காற்றை வெளியே இழுக்க மின்விசிறி பொருத்தினால் சரியாகிவிடும் என்றார். நான் பொருத்தவில்லை.

மின்விசிறி வலுவாக இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் கூரை விளிம்பின் அடிப்புறமான சொஃபிட்டிலுள்ள துளைகள் வழியாகப் போதிய காற்று வராவிட்டால், மேற்தட்டிலுள்ள விளக்குத் துளைகள், அட்டிக் மூடியின் இடுக்குகள் வழியே, நாம் காசு கொடுத்துச் சூடாக்கிய வீட்டுக் காற்றையே அது உறிஞ்சிவிடும். இயற்கை இழுப்பில் புகை வெளியேற்றும் எரிவாயு வெந்நீர்க் கலம் உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும் ஆபத்தும் உண்டு. மோட்டார் பழுதானால் செலவு வேறு.

காற்றில் சுழலும் உருண்டைச் சுழலிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆயினும் காற்று அடங்கிய நாளில் அதன் வேலை பெரிதும் குறைந்துவிடும். பேரிங் தேய்ந்தால் இரவெல்லாம் கிரீச்சிடும். பனி இறுகினால் நின்றுவிடும்.

கூரையின் உச்சி நெடுக வைக்கும் முகட்டுத் திறப்பிலும், கூரைமேல் ஆங்காங்கே வைக்கும் சதுரப் பெட்டித் திறப்பிலும் அசையும் பாகமே இல்லை என்பதால் என் தெரிவு இவற்றின் பக்கமே. முகடு நீளமாக இருந்தால் முன்னது சிறப்பு. நாற்புறமும் சரியும் கூரையில் முகடு குறுகிவிடுவதால் பெட்டிகளே பொருந்தும். பராமரிப்பு என்பது ஆணி கிளம்பியிருக்கிறதா, மூடி வெடித்திருக்கிறதா, வலையில் குளவிக்கூடு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். ஒன்ராறியோ கட்டட விதி, சாதாரணச் சரிவுள்ள கூரைக்கு, காப்பிடப்பட்ட மேற்தட்டுப் பரப்பில் 300இல் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது. 1,200 சதுர அடிக்கு அது 4 சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். பாதியை மேலே வைத்தால், ஒன்று 50 சதுர அங்குலம் தரும் பெட்டிகள் ஆறு போதும். ஆனால் முகட்டுத் திறப்புடன் சுழலியையோ விசிறியையோ கலந்து வைக்கக் கூடாது: காற்று சொஃபிட்டிலிருந்து ஏறாமல், அருகிலுள்ள மேல் திறப்பிலேயே புகுந்து வெளியேறிவிடும்.

மேலே எதைத் தேர்ந்தாலும் கீழே வழி அடைபட்டிருந்தால் பயனில்லை. நண்பகலில் கைவிளக்கை அணைத்துவிட்டு விளிம்புப் பக்கம் பார்த்தேன். ஒரு கீற்று வெளிச்சமும் இல்லை. சொஃபிட்டின் துளையிட்ட அலுமினியத்தைக் கழற்றியபோது, அதன் பின்னே பழைய ஒட்டுப்பலகை வெட்டப்படாமல் முழுதாக இருந்தது. அதை வெட்டித் திறந்து, காப்புப் பஞ்சு மறுபடி சரிந்து அடைக்காதபடி ராஃப்டர்களுக்கு (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களுக்கு) இடையே தடுப்புத் தகடுகளைச் செருகினோம். (1990க்கு முந்திய வீட்டில் கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட் காப்பு இருந்தால், ஆஸ்பெஸ்டாஸ் சோதனை செய்யாமல் அதைத் தொடவே வேண்டாம்.) பிறகு குளிப்பறை விசிறியின் கழன்றிருந்த குழாயைக் கூரை வழியே வெளியே கொண்டுபோய், மேற்தட்டு இடுக்குகளையும் அடைத்தோம். அடுத்த சனவரியில் ஆணிகள் காய்ந்திருந்தன. மேலே இருந்தவை பழைய பெட்டித் திறப்புகளே.