நாத்தியேயின் டயானா: கேன்வாஸ் அச்சா, கண்ணாடிக்குள் காகித அச்சா?

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் சீமாட்டிகளைப் புராணத் தெய்வங்களாக வரைந்து பெயர்பெற்றவர் ழான்-மார்க் நாத்தியே. 1742-இல் அவர் மதாம் போனியே தெ லா மொசோனை வேட்டைத் தெய்வமான டயானாவாக வரைந்த, மென்னிறமும் நளின அலங்காரமும் கொண்ட ரொகோகோ பாணி ஓவியம் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. உயர்தரப் படக்கோப்பை அருங்காட்சியகமே இலவசமாகத் தருவதால், எங்கள் கூடத்துக்கு அதையே எடுத்துக்கொண்டு, கேன்வாஸிலும் காகிதத்திலும் ஒரே அளவில் அச்சிட்டுப் பார்த்தோம்.

கேன்வாஸ் எடை குறைந்தது, மலிவானது. வெளிச்சமும் அதில் எதிரொளிப்பதில்லை. ஆனால் நாத்தியே வரைந்த கன்னங்களின் இளஞ்சிவப்பு, தூரிகைத் தடம் தெரியாமல் பவுடர் பூசினாற்போலக் கரைவது. மூலத்தைவிடச் சிறிதாக அச்சிடும்போது முகம் சுருங்குகிறது, துணியின் நெசவோ சுருங்குவதில்லை. இமையின் மேலேயே இழை ஓடுகிறது. வழவழப்பான காகிதத்தில் இந்தத் தொல்லை இல்லை.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். மாடியறையில் மாட்டிய கேன்வாஸ் பிரதியில் கிடை இழைகள்தோறும் தூசி படிந்து, பின்னணியின் இருண்ட பகுதி சாம்பல் பூத்துவிட்டது. வார்னிஷ் பூசாத கேன்வாஸை ஈரத்துணியால் துடைத்தால் மை உரிந்துவிடக்கூடும் என்பதால், உலர்ந்த மென்தூரிகையால் தட்டுவதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. கூடத்தில் கண்ணாடிக்குள் மாட்டிய காகிதப் படத்துக்கோ, துணியைச் சற்றே நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தால் போதும்; நீரை நேரடியாகத் தெளிக்கக் கூடாது, சட்டத்தின் இடுக்கு வழியே உள்ளே இறங்கிவிடும். காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நடுவே மவுண்ட் (படத்தின் விளிம்பைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து இடைவெளி விடுவது கட்டாயம்.

ரொகோகோவுக்குக் கண்ணாடி பொருந்தாது என்பவர்கள் வெனிஸின் ரோசல்பா கரியேராவை நினைத்துப் பார்க்கலாம். காகிதத்தில் அவர் வரைந்த பேஸ்டல் (உலர் வண்ணக்கட்டி) உருவப்படங்கள் அக்காலத்திலேயே கண்ணாடிக்குப் பின்னால்தான் மாட்டப்பட்டன. எதிரொளிப்பு மெய்யான குறைதான். படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டாமல் பக்கவாட்டுச் சுவரில் மாட்டியதும் அது பெருமளவு அடங்கியது. காகிதப் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (ஒளியளவின் அலகு) அளவிலேயே ஒளியைக் கட்டுப்படுத்துகின்றன. வீட்டில் அவ்வளவு இருட்டு சாத்தியமில்லை என்றாலும், நேர்வெயில் படாத சுவரும் புறஊதா தடுக்கும் கண்ணாடியும் நிறம் வெளுப்பதைத் தள்ளிப்போடும்.

கையால் வரைந்த எண்ணெய் வண்ண நகலை நான் வைத்துப் பழகியதில்லை. ஓவியரின் கை நன்றாக அமைந்தால் அது இரண்டையும் மிஞ்சக்கூடும். பொன்னிறச் சட்டம் எதற்கும் எடுப்பாக இருக்கும், ஆனால் மவுண்ட் சேர்த்த படத்துக்குக் கொடிச்செதுக்கு மூலைகளில் மட்டும் உள்ள மெல்லிய சட்டமே போதும்.