பாட்டில் போட்டோவுல லேபிள் ஏத்தித் தர்றேன்னு வர்றவங்ககிட்ட உஷாரா இருங்க, முழுப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பிஎஸ்டியை (லேயர் தனித்தனியா இருக்கிற போட்டோஷாப் ஃபைல்) திறந்து பாத்துருங்க

ஒரு சைட்டுல பிடிச்சு இந்த வேலையைக் கொடுத்த ஆள் பேரைப் போடல. போட்டாலும் நாளைக்கே வேற பேர்ல புரொஃபைல் ஆரம்பிச்சிருவாரு, அதனால என்ன பண்ணாருன்னு மட்டும் சொல்றேன், உங்களுக்கு அதான் உபயோகம்.

எங்க புராடக்ட்டுக்கு பாட்டில் வந்தாச்சு, லேபிள் இன்னும் பிரிண்ட் ஆகி வரல. வெறும் பாட்டிலை ஒரு நல்ல போட்டோகிராஃபரை வச்சு எடுத்து வச்சிருந்தோம். பிரவுன் கண்ணாடி, இடது பக்கம் ஸாஃப்ட்பாக்ஸ் லைட், கேமரா கொஞ்சம் மேல இருந்து பாக்குற ஆங்கிள். அந்தப் போட்டோ மேல எங்க லேபிள் டிசைனை நிஜமாவே ஒட்டின மாதிரி ஏத்தணும், லேயர் லேயரா பிஎஸ்டி ஃபைலா தரணும், லேபிள் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டா இருக்கணும், அப்பதான் அடுத்த வெரைட்டி வரும்போது டிசைனை மட்டும் நாங்களே மாத்திக்க முடியும். எல்லாத்துக்கும் அவரு சொன்னது "பண்ணிரலாம் ப்ரோ". பாதிப் பணம் அட்வான்ஸ்.

மொதல்ல வந்த படத்துல எங்க க்ரீம் கலர் லேபிள் டீ கொட்டின மாதிரி பழுப்பா இருந்துச்சு. லேயரை மல்டிப்ளைல (அடியில இருக்கிற படத்தோட கலந்து கருமையாக்குற மோடு) போட்டு அப்படியே விட்டுட்டாரு. மல்டிப்ளைல வெள்ளைன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம், அடியில இருக்கிற பிரவுன் அப்படியே மேல வந்துரும். கேட்டா "கண்ணாடின்னா அப்படித்தான் ப்ரோ தெரியும்"ங்கிறாரு. பேப்பர் லேபிளுக்குள்ள கண்ணாடி எப்படிங்க தெரியும்? லேபிள் லேயர் நார்மல்லதான் இருக்கணும், அதுக்கு மேல பாட்டில் போட்டோவையே கருப்பு வெள்ளையா ஒரு காப்பி எடுத்து லேபிள் ஏரியாவுக்கு மட்டும் மாஸ்க் பண்ணி (மத்த இடத்தை மறைச்சு), நிழலுக்கு மல்டிப்ளை, வெளிச்சத்துக்கு ஸ்கிரீன்னு (இது வெளிச்சமாக்குற மோடு) தனித்தனியா வச்சு, ஒபாசிட்டியை, அதாவது லேயர் தெரியுற அழுத்தத்தைக் குறைச்சு சரி பண்ணணும். டிரான்ஸ்பரன்ட் ஃபிலிம் லேபிளா இருந்தா அவர் சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, ஆனா எங்களது பேப்பர்னு மொதல் மெசேஜ்லயே எழுதியிருந்தேன்.

ரெண்டாவது தடவை வந்ததுலதான் விஷயமே பிடிபட்டுச்சு. லேபிள் கலர் சரியாயிருச்சு, பளபளன்னு வேற இருந்துச்சு, சட்டுன்னு பாத்தா சூப்பர்னு தோணும். ஆனா பாட்டில்ல வெளிச்சக் கோடு இடது பக்கம் ஓடுது, லேபிள்ல மட்டும் வலது பக்கம் ஓடுது! அப்புறம் லேபிளோட கீழ் விளிம்பு ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு. மேல இருந்து எடுத்த போட்டோவுல பாட்டிலோட அடிப்பாகம் கீழ்நோக்கி வளைஞ்சுதான் தெரியும், லேபிளோட விளிம்பும் அந்த வளைவோடயேதான் போகணும். கேமரா லேபிளுக்கு நேரா இருந்தா மட்டும்தான் கிட்டத்தட்ட நேர்கோடா வரும். அதாவது வேற எவரோ நேரா நின்னு எடுத்த ஒரு ரெடிமேட் மாக்கப்ல (டிசைனைப் போட்டுப் பாக்கிற மாதிரிப் படம்) எங்க டிசைனைப் போட்டு, அந்த லேபிளை மட்டும் வெட்டி எங்க பாட்டில் மேல ஒட்டிட்டாரு. நாங்க போட்டோகிராஃபருக்கு செலவு பண்ணதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க.

இன்னொண்ணு, இது பல பேரு கவனிக்க மாட்டாங்க. லேபிளோட முழு அகலத்தையும் முன்பக்கத்துலயே அடைச்சு வச்சிருந்தாரு, பின்னாடி போக வேண்டிய பார்கோடு வரைக்கும் முன்னாடி தெரியுது. 60 மி.மீ. விட்டமுள்ள பாட்டிலுக்கு சுத்தளவு 188 மி.மீ. கிட்ட வரும், முன்னாடி இருந்து பாத்தா அதிகபட்சம் அதுல பாதி, 94 மி.மீ.தான் தெரியும், அதுவும் போட்டோவுல 60 மி.மீ. அகலத்துக்குள்ள சுருங்கித் தெரியணும். நடுவுல எழுத்து முழு அகலத்துல இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக நெருங்கும், நடுவுல இருந்து 60 டிகிரி திரும்பின இடத்துல அகலம் சரியா பாதியாயிரும். இவரு பண்ணதுல ஓரத்து எழுத்தும் நடு எழுத்தும் ஒரே அகலம். வார்ப்ல (படத்தை வளைக்கிற டூல்) மேலயும் கீழயும் சும்மா வளைச்சு விட்டா இது வராது, ஓரத்தை நெருக்கவும் செய்யணும்.

இதையெல்லாம் மார்க் பண்ணி அனுப்பினேன். ரெண்டு நாள் சத்தமே இல்ல. அப்புறம் ஒண்ணு வந்துச்சு, லைட், வளைவு, நிழல் எல்லாம் பக்கா, நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன். ஜூம் பண்ணா சின்ன எழுத்து எதுவுமே எழுத்தா இல்ல, மி.லி. அளவுல ஒரு நம்பரே மாறியிருக்கு. ஏஐல போட்டு மொத்தப் படத்தையும் புதுசா வரைய விட்டிருக்காரு, பாட்டில் கழுத்துகூட எங்க பாட்டில் கழுத்து இல்ல. அளவு தப்பா இருக்கிற படத்தை விக்கிற பக்கத்துல போட்டா மாட்டுறது நாங்க, அவரு இல்ல.

சரி, பிஎஸ்டியாவது அனுப்புங்கன்னேன். வந்துச்சு. திறந்தா பேக்ரவுண்டுன்னு ஒரே ஒரு லேயர். ஜேபெக்கைத் திறந்து பிஎஸ்டின்னு சேவ் பண்ணி அனுப்பியிருக்காரு. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எங்கன்னு கேட்டதுக்கு "மெர்ஜ் ஆயிடுச்சு ப்ரோ, தனியா வேணும்னா எக்ஸ்ட்ரா ஆகும்"னு பதில்.

இந்த வேலைக்கு ஆள் பிடிக்கிறவங்க அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடியே, உங்க போட்டோவுலயே வெறும் வெள்ளைச் சதுரத்துல கட்டம் போட்டு ஏத்திக் காட்டச் சொல்லுங்க. கட்டம் ஓரத்துல நெருங்குதா, கோடு பாட்டிலோட சேர்ந்து வளையுதான்னு அதுலயே தெரிஞ்சிரும், டிசைன் அழகா இருந்தா இதெல்லாம் கண்ணுலயே படாது. லைட்டுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வைங்க: மேட் பேப்பர் லேபிள்னா கண்ணாடியில ஓடுற கூர்மையான வெளிச்சக் கோடு லேபிள் மேல அப்படியே தொடரக் கூடாது, மங்கி அகலமாகணும். பளபளப்பான (கிளாஸி) லேமினேஷன்னா தொடரலாம். இதைக் கேட்டு முழிக்கிறவரா இருந்தா வேற ஆளைப் பாருங்க. பைனல் ஃபைலை ஸ்க்ரீன் ஷேர்ல திறக்கச் சொல்லி, லேபிள் லேயரை டபுள் கிளிக் பண்ணி வேற கலர் போட்டு சேவ் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, பாட்டில்ல மாறினாதான் மீதிப் பணம்.

நான் மீதியைக் கொடுக்கல. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு, ரெண்டு வெளிச்சக் கோட்டையும் வட்டம் போட்டுக் காட்டி அவரைப் பிடிச்ச சைட்டுலயே கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கேன், அந்த ஒத்தை லேயர் ஃபைலையும் சேத்து. "ஃபைல் டெலிவரி ஆயிடுச்சே"ன்னு அவங்க தரப்புல ஒரு பதில் வந்திருக்கு, நான் விடுறதா இல்ல.