முகம் தெளிந்தது, இடுப்பு பிடித்தது: பரு மாத்திரையோடு எட்டு மாதம்

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, பருவுக்கு எனக்கும் அதே ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதியிருக்காங்க. சாப்பிடலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. நான் அதை முடித்து ஒரு வருடம் ஆகிறது.

உதடு வெடிக்கும், ஈரலுக்கும் கொழுப்புக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும், பெண்கள் என்றால் அந்தச் சமயத்தில் கர்ப்பமே கூடாது. இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், எனக்கும் சொன்னார்கள். என் 60 கிலோவுக்குத் தினம் 30 மில்லிகிராம், எட்டு மாதம். கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும் என்றதும், ஆயா (பாட்டி) மதியச் சோற்றில் நெய்யைத் தாராளமாக விட்டார்.

சொல்லாமல் விட்டது தசையைப் பற்றி. காரைக்குடியில் வாரம் ஐந்து நாள் ஜிம்முக்குப் போகிறவன் நான். "எடை தூக்குவீங்களா தம்பி?" என்று மாத்திரை எழுதிய டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு. மூன்றாம் மாதம் இடுப்பு பிடித்தது. ஸ்குவாட் பயிற்சியில்தான் தப்பு என்று நினைத்து விடாமல் செய்தேன். ஒரு நாள் காலை வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன், எழ முடியவில்லை. தூணைக் கட்டிப்பிடித்து, தொடை நடுங்க எழுந்தேன். ஆயா பதறிப்போனார்.

வேறொரு டாக்டர்தான் சி.பி.கே. எடுக்கச் சொன்னார். தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் என்சைம் அது. சுமார் 200-க்குள் இருக்க வேண்டியது 1,140 இருந்தது. இந்த மாத்திரையோடு கடுமையான உடற்பயிற்சியும் சேர்ந்தால் இப்படி ஏறலாமாம். வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்; அபூர்வம்தான், ஆனால் தசை கரைந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எடை தூக்குவதை நிறுத்தினேன், இரண்டு வாரத்தில் 300-க்கு இறங்கியது. லேசான வலி மட்டும் மாத்திரை முடியும்வரை கூடவே இருந்தது.

முகத்தையும் சொல்ல வேண்டும். ஆறு வருடமாகத் தாடையில் கட்டி கட்டியாக இருந்தவை, தலையணையில் பட்டாலே வலித்தவை, ஒன்றுகூட இல்லை. இன்றும் ஷேவ் செய்யும்போது கை அங்கே ஒரு கணம் தயங்கும்.

தம்பி தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினான். பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "சாப்பிடு. ஆனா ஜிம்முக்குப் போறதை டாக்டர்கிட்ட நீயே சொல்லு, சி.பி.கே. பார்க்கணுமான்னு கேளு" என்றேன்.

எனக்கு மறுபடி பரு வந்தால்? நான் எடுக்க மாட்டேன்.